முதலில் ஒரு மாரி வாடகைக்கு இருங்கள்: வன்னியில் வீடு தேடுகிறவர்களுக்கு

"அக்கா, வாடகைக்கு இருக்கிறதோ, ஒரு வீட்டை வாங்கிப் போடுறதோ?"

கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை கேட்பார். கல்யாணம் கட்டித் தனிக்குடித்தனம் போகப்போகிற பொடியன் கேட்பான். ஓய்வுக்காலத்தை ஊரில் கழிக்கலாம் என்று கனடாவிலிருந்து வந்து நிற்கிற அண்ணையும் கேட்பார். பிரதேச செயலகம் ஒன்றின் காணிக் கிளையில் ஓய்வுபெறும்வரை கோப்புப் பார்த்தவள் என்பதால் இந்தக் கேள்வி என் வீட்டுப் படலையைத் தேடி வருகிறது. வவுனியாவிலும் மல்லாவியிலும் வாடகை வீட்டில் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இப்போது கிளிநொச்சியில் சொந்த வீடு. பின்வளவில் இரண்டு அறை கட்டி, அறிவியல்நகரில் படிக்கிற பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருந்தவள், வாங்கியவள், வாடகை எடுக்கிறவள் என்று மூன்று பக்கமும் பார்த்தாயிற்று.

கொழும்பில் என்றால் காசுக் கணக்குப் போட்டாலே இந்தக் கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். வன்னியில் அப்படியில்லை. இங்கே முதலில் கேட்கவேண்டியவை இரண்டு: வீடு நிற்கிற காணிக்கு என்ன கடதாசி இருக்கிறது? மார்கழி மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறும்? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் வாங்குகிறவர், வீட்டுக்காரரே இல்லாத வாடகை வீட்டில் இருக்கிறவர்தான். என்றைக்கு யார் வந்து எழுப்புவார்கள் என்று அவருக்கே தெரியாது. அதனால் வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். அதே ஊரில், முடிந்தால் அதே ஒழுங்கையில், ஐப்பசியிலிருந்து தை வரை ஒரு மாரியை வாடகை வீட்டில் கழியுங்கள். அப்புறம் வாங்கலாம்.

காசுக் கணக்கு

காசைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். ஒரு உதாரணம் மட்டும். காணியோடு சேர்த்து 50 இலட்சத்துக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவையும் வங்கியில் 12 வீத வட்டிக்கு, 15 வருடத் தவணைக்கு எடுத்தால் மாதம் 60,000 ரூபா கட்டவேண்டும். கடைசித் தவணை கட்டி முடியும்போது கையிலிருந்து போயிருப்பது 1 கோடியே 8 இலட்சம். அதே 50 இலட்சம் உங்கள் சொந்தக் காசு என்றால், 8 வீத நிலையான வைப்பில் போட்டால் வருடம் 4 இலட்சம் வட்டி. அதில் 10 வீதத்தை வரியாகக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். மிச்சம் மாதம் 30,000. அதே வீட்டை 25,000 வாடகைக்கு எடுக்க முடியுமென்றால், வட்டியில் வாடகையைக் கட்டிவிட்டு மீன் வாங்கவும் காசு மிஞ்சும்.

கணக்கு இதோடு முடிந்தால் ஒருவரும் வீடு வாங்கமாட்டார்கள். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவுக்குக் கிடைத்த சீமெந்து மூட்டை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. வங்கியில் காசு வைத்திருந்தவர் அந்த வருடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அத்திவாரத்தையும் சுவரையும் முன்னமே எழுப்பி வைத்திருந்தவர் கூரை ஓட்டுக்கு மட்டும் அலைந்தார். வட்டி வாடகையைக் கட்டும். ரூபா விழுந்தால் அதைத் தாங்காது. ஆக, கையில் சொந்தக் காசு இருக்கிறவருக்கு வாங்குவது நியாயம்தான். முழுக்கக் கடனில் வாங்க நினைக்கிறவர் ஆறுதலாக யோசிக்கட்டும். நுண்கடன் எடுத்து வீடு கட்ட நினைக்கிறவர் யோசிக்கவே வேண்டாம், அந்தப் பக்கம் போகாதீர்கள். கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கிற கடன்காரனுக்குப் பயந்து பின்வேலியால் போன பெண்களை நிறையப் பேருக்குத் தெரியும்.

இன்னொன்று: வேலை. அரசாங்க உத்தியோகம் என்றால் மாற்றம் வரும். கிளிநொச்சியில் வீட்டை வாங்கிவிட்டு மடுவுக்கோ கொக்கிளாய்க்கோ போட்டால் என்ன செய்வீர்கள்? வீட்டைப் பூட்டி வைத்தால் முதலில் கறையான் குடிவரும், அடுத்து வளவில் பற்றை எழும்பும். நிரந்தரமாக ஒரே மாவட்டத்தில் இருப்போம் என்ற உறுதி வரும்வரைக்கும் வாடகைதான் சரி.

வாடகைக்கு எடுக்கும்போது

வாடகை வீட்டின் சுகம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மோட்டர் எரிந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு அழைப்பு. பக்கத்து வீட்டோடு ஒத்துவராவிட்டால் முற்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். குறைகள்தான் வந்து இருந்த பிறகு தெரியும்.

வன்னியில் நல்ல வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர் இங்கே இல்லை. அவர் பாரிஸிலோ இலண்டனிலோ இருப்பார். சாவி தம்பியிடமோ மச்சாளிடமோ இருக்கும். வாடகை பேசுகிறவர் ஒருவர், காசு எடுக்கிறவர் இன்னொருவர், கூரை ஒழுகினால் பொறுப்பெடுக்க ஒருவரும் இல்லை. இதைவிடப் பெரிய சிக்கல் ஓகஸ்ட் மாதம். அங்கே பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் குடும்பமாக ஊருக்கு வருவார்கள். "ஒரு மாதம்தானே பிள்ளை, எங்கையாவது சொந்தக்காரர் வீட்டில இருந்திட்டு வாங்கோவன்" என்று சொல்லுவார்கள். கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டியோடு எங்கே போவது? ஒப்பந்தம் எழுதும்போதே இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்கிறபோது அவர் முகம் கோணினால் வேறு வீடு பாருங்கள்.

யாரிடம் வீட்டை எடுக்கிறீர்களோ அவரிடம் அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரர் தன் சார்பில் அலுவல் பார்க்க எழுதிக்கொடுத்த அதிகாரம், இருக்கிறதா என்று பாருங்கள். அது பதிவு செய்யப்பட்டதா, அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அதோடு சரி. ஆகவே வட்ஸ்அப்பில் சொந்தக்காரரை முகம் பார்த்து ஒருமுறை பேசிவிடுவது நல்லது. கூச்சப்பட வேண்டாம், அவருக்கும் உங்கள் முகத்தைப் பார்க்க ஆசை இருக்கும்.

ஒப்பந்தம் வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். ஒரு வருடத்துக்கு எடுக்கிறீர்கள், முற்பணமாகப் பெரிய தொகை கொடுக்கிறீர்கள் என்றால் நொத்தாரிசிடம் போங்கள். செலவை இரண்டு பேரும் பாதிபாதி போடலாம். வாடகையை வங்கி மூலம் அனுப்புங்கள். கையில் கொடுப்பதானால் பற்றுச்சீட்டு. "எங்களுக்குள்ள என்னத்துக்குச் சீட்டு" என்று சொல்கிறவரிடம்தான் கட்டாயம் வாங்கவேண்டும்.

வீட்டுக்குள் போகிற அன்றைக்கே கரண்ட் மீற்றரைப் படம் எடுங்கள். கடைசி மின்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். முன்னிருந்தவர் வைத்துவிட்டுப் போன நிலுவை உங்கள் தலையில் விழக்கூடாது. தண்ணீர்த் தாங்கி, மோட்டர், கதவுப் பூட்டுகள், மலசலகூடக் குழி எப்போது இறைத்தது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.

வாக்காளர் இடாப்பு விசயத்தில் வாடகைக்காரர் ஏமாறுகிறார்கள். பிள்ளையை முதலாம் வகுப்பில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க விண்ணப்பிக்கும்போது அந்த முகவரியில் எத்தனை வருடம் பதிவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். சொந்தக் காணி உறுதி இருக்கிறவருக்குப் புள்ளி கூட, வாடகைக்காரருக்குக் குறைவு. ஆனால் பல வீட்டுக்காரர் தங்கள் முகவரியில் உங்களைப் பதியவே சம்மதிக்கமாட்டார்கள். பதிந்தால் பிறகு வீட்டைக் கேட்டு வழக்குப் போடுவீர்கள் என்று பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் முறையான ஒப்பந்தம் இருந்தால் வீட்டுக்காரருக்கு அந்தப் பயம் தேவையில்லை. பிள்ளைக்கு மூன்று வயது ஆகும் முன்பே இதைக் கிராம அலுவலரிடம் பேசி முடியுங்கள்.

கடதாசியில் எழுதமுடியாத சிலதும் இருக்கின்றன. வீடு கேட்டுப் போனால் "எந்த ஊர், ஆற்றை ஆக்கள்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். மலையகத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே வாழ்கிற குடும்பத்துக்கும், தனியாக இருக்கிற பெண்ணுக்கும் வீடு கிடைப்பது இன்னும் கஷ்டம். அதைப் போலவே, வயதான தாய் தகப்பனை வைத்துப் பார்க்கிறவர்கள் யோசிக்கவேண்டிய ஒன்று: வாடகை வீட்டில் செத்தவீடு. பிரேதத்தை வளவுக்குள் வைக்கவே விடாத வீட்டுக்காரர் இருக்கிறார்கள். எட்டுச் செலவும் அந்தியேட்டியும் எங்கே செய்வது? பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு வந்தாலும் பந்தல் போட அனுமதி கேட்கவேண்டும். சொந்த வீட்டை ஆசைப்படுகிறவர்களில் பாதிப்பேர் வட்டி வீதம் பார்த்து ஆசைப்படுவதில்லை, இதற்காகத்தான் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நான் குறையாகச் சொல்லமாட்டேன்.

வாங்குவதென்றால்: கடதாசி

இனிச் சொல்லப்போவதைத்தான் அவசரப்படாமல் வாசிக்கவேண்டும்.

வன்னியில் காணி என்றால் பெரும்பாலும் குடியேற்றக் காணி. இரணைமடுவின் கீழும் மற்றக் குளங்களின் கீழும் அரசாங்கம் காடு வெட்டிக் குடியேற்றிய காணி. வட்டக்கச்சியும் உருத்திரபுரமும் அப்படி வந்த இடங்கள். இவற்றுக்கு யாழ்ப்பாணத்தில் இருப்பதுபோலத் தலைமுறை தலைமுறையாக வந்த உறுதி கிடையாது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரம் இருக்கும். நாங்கள் பேமிற் என்போம். சிலரிடம் அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் இருக்கும். சிலரிடம் இரண்டும் இல்லாமல் ஒரு கடிதம் மட்டும் இருக்கும். சிலரிடம் அதுவும் இல்லை.

பேமிற் ஒன்றைக் கையில் வாங்கினால் எப்படிப் பார்க்கவேண்டும் என்று சொல்கிறேன். அனேகமாக அது மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுநாடா போட்டு, பொலித்தீன் பைக்குள் இருக்கும். முள்ளிவாய்க்கால் வரை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், மெனிக்பாம் முகாமில் தலைக்கடியில் வைத்துப் படுத்து, திரும்பக் கொண்டுவந்த பேமிற்றுகளை என் மேசையில் விரித்துப் பார்த்திருக்கிறேன். உப்புத்தண்ணீர் பட்டு மை பரந்து, இலக்கம் மட்டும் தப்பியிருக்கும். அந்த இலக்கம் போதும். அதை வைத்து அலுவலகத்துப் பேரேட்டில் தேடலாம். முதலில் பெயரைப் பாருங்கள். விற்க வந்தவரின் பெயர்தானா, அவருடைய அப்பாவின் பெயரா? அப்பாவின் பெயர் என்றால், பின்னுரித்தாளராக, அதாவது தனக்குப் பிறகு காணிக்கு உரியவராக, யாரைக் குறித்திருக்கிறார்? ஒருவரையும் குறிக்காமலே இறந்துவிட்டாரா? குறிக்காமல் இறந்தால் துணைக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை, அதற்குப் பிறகு சட்டத்தின் அட்டவணைப்படி ஒருவருக்குப் போகும். அந்த அட்டவணையில் ஆண்பிள்ளைக்கு முதலிடம் கொடுத்திருந்தார்கள். 2022 இல் வந்த திருத்தத்தோடுதான் அது மாறியது. எத்தனை பெண்பிள்ளைகள் அதற்குள் வீட்டைவிட்டுப் போனார்கள் என்று கோப்புப் பார்த்த எங்களுக்குத் தெரியும்.

இந்தப் பேமிற் காணியை உறுதிக் காணி போல விற்க முடியாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத கைமாற்றம் செல்லாது. அளிப்புப் பத்திரத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அப்படியென்றால் ஊரில் இவ்வளவு பேர் எப்படி வாங்கி விற்கிறார்கள்? ஒரு சத்தியக்கடதாசி, ஒரு உடன்படிக்கை, சமாதான நீதவானின் முத்திரை, காசு கைமாறும், முடிந்தது. அலுவலகத்துப் பேரேட்டில் பழைய ஆளின் பெயர்தான் இருக்கும். தர்மபுரம் பக்கத்தில் ஒருவர் இப்படி அரை ஏக்கர் வாங்கிக் கல்வீடு கட்டினார். விற்றவர் நல்ல மனிதர், இருந்தவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் கண்ணை மூடினபிறகு மகள் கணவனோடு வந்து, பேமிற்றில் தன் பெயர் பின்னுரித்தாக இருக்கிறது என்று என் மேசையில் கடிதம் வைத்தாள். சட்டம் அவள் பக்கம். வீடு கட்டினவர் பக்கம் இருந்தது சீமெந்துக் கடைப் பட்டியல் மட்டும். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் இருத்திப் பேசி, இரண்டாம் தடவையும் காசு கொடுத்து முடித்தார்.

பேமிற் காணிதான் வேண்டுமென்றால் ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. விற்பவரையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். காணி உத்தியோகத்தரைச் சந்தித்து, கைமாற்றச் சம்மதம் கிடைக்குமா, காணியைப் பிரிக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பிரிப்பது முக்கியம். அரை ஏக்கரை இரண்டிரண்டு பரப்பாகத் துண்டு போட்டு விற்கிற தரகர்கள் இருக்கிறார்கள். ஒரு ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று கணக்கெல்லாம் அழகாகச் சொல்லுவார்கள். ஆனால் குறித்த அளவுக்குக் கீழே பிரிக்க அலுவலகம் அனுமதிக்காது. உங்கள் இரண்டு பரப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. சம்மதக் கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

உறுதிக் காணி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கமுடியாது. காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கங்களை ஒரு 30 வருடம் பின்னோக்கித் தேடச்சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, பங்காளர் யார் என்று அதில் தெரியும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் பங்குக் காணியை விற்றால், மற்றப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்குகிற உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் சட்டம் அதை எழுதியே வைத்திருக்கிறது. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுத்தார்களா என்று பாருங்கள். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட கல்யாணமான பெண் என்றால், காணி அவருடைய சொந்தச் சீதனமாக இருந்தாலும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தக் காலத்திலும் இதைக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான். ஆனால் கேட்காமல் விட்டால் நட்டம் உங்களுக்கு.

எழுதுகூலியோடு முத்திரை வரியையும் கணக்கில் வையுங்கள்: விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சக் காணிக்கு 1,99,000 ரூபா வரும். விலையைக் குறைத்து எழுதச்சொல்லி ஆசைகாட்டுவார்கள். பிறகு வங்கிக்குப் போனால் அந்தக் குறைந்த விலைதான் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

வெளிநாட்டில் பிரசாவுரிமை எடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியைக் கைமாற்ற முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் தடையில்லை. பெற்றோர் காணி உரித்தாக வருவதற்கும் தடையில்லை. இல்லாவிட்டால் குத்தகைக்கு எடுக்கலாம், அதற்கு 99 வருடம் எல்லை. "தம்பியின்ர பேரில வாங்குவம்" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை. தம்பி நல்லவராக இருப்பார். தம்பிக்கும் மனைவி பிள்ளைகள் இருக்கிறார்கள், சட்டத்தின் கண்ணில் அது தம்பியின் காணி. முதலில் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பியுங்கள். அது வரும்வரை வாடகைக்கு இருங்கள்.

கடைசியாக எல்லைகள். 1980களிலும் 90களிலும் விட்டுவிட்டு ஓடின தோட்டங்கள் பற்றையாகி, மரமாகி, காடாகிவிட்டன. சண்டை முடிந்தபிறகு அவற்றில் பலவற்றுக்குள் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டுவிட்டது. கையில் பேமிற், காலடியில் காட்டுக்கல். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கம் வாங்குகிறவர்கள் காணியின் நாலு மூலையையும் நடந்து பார்த்துக் கல் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் பக்கம் யானை வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வாழை நட்டிருக்கிற வீட்டில் கேட்டால் சரியான பதில் வரும். ஏ9 வீதியையும் ரயில்பாதையையும் ஒட்டிய காணி என்றால் வீதிக்கும் ரயிலுக்கும் ஒதுக்கிவைத்த நிலம் எதுவரை என்று பார்க்கவேண்டும். குளத்தை ஒட்டியது என்றால் குளத்து ஒதுக்கீடு. இதையெல்லாம் அனுமதி பெற்ற நில அளவையாளர் படத்தில் காட்டுவார். அவருக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது. நீண்டகாலம் ஆள் புழங்காத காணி என்றால் கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று மாவட்டச் செயலகத்தில் விசாரித்துவிட்டு அலவாங்கைப் போடுங்கள்.

தண்ணீர்

2018 மார்கழியில் ஒரே இரவு மழைக்கு இரணைமடு நிரம்பி வான்கதவுகளைத் திறந்தார்கள். பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அந்த வீடுகள் பலவற்றை இப்போது கோடையில் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, முற்றத்தில் புழுதி பறக்கும். தரகர் உங்களை ஆனியிலோ ஆடியிலோதான் கூட்டிக்கொண்டு போவார்.

சுவரைப் பாருங்கள். முன்பக்கம் புதிதாகப் பூசியிருப்பார்கள். அலுமாரிக்குப் பின்னால், மலசலகூடத்தின் வெளிச்சுவர், கிணற்றுக் கட்டின் உட்புறம், ஆட்டுக்கொட்டிலின் மரத்தூண் இவற்றுக்கு யாரும் நிறம் பூசமாட்டார்கள். முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ ஒரு மண்ணிறக் கோடு நேராக ஓடியிருக்கும். கதவு நிலையின் அடிப்பகுதியை நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஊறின மரம் பொருக்காக உதிரும். அப்புறம் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போங்கள். "2018 வெள்ளத்துக்கு எங்க போய் இருந்தனீங்கள் அம்மா?" என்று கேளுங்கள். தண்ணீர் வந்ததா என்று கேட்டால் அயலவரின் வியாபாரத்தைக் கெடுக்கக்கூடாதென்று இல்லை என்பார். எங்கே போய் இருந்தீர்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தின் பெயரோடு முழுக்கதையும் வரும்.

மறுபக்கம், குடிதண்ணீர். கிணற்றை மாரியில் பார்த்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். புரட்டாதியில் பாருங்கள், எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது என்று. அந்த வீட்டுக் குசினிக் கேத்தலின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். வெள்ளைப் படை தடித்திருந்தால் கல்லுத்தண்ணீர். பூநகரிப் பக்கம் என்றால் உவர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிறுநீரக நோய் பரவின ஊர்கள் இருக்கின்றன. சுத்திகரித்த தண்ணீரைக் கேன் கணக்கில் வாங்குவது அங்கே மாதச் செலவு. வாடகைக்கு இருக்கிறவருக்கு இது ஒரு தொல்லை. வாங்கினவருக்கு வாழ்நாள் செலவு.

வீட்டுத்திட்ட வீடு விற்பனைக்கு வந்தால்

2012 இலிருந்து இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின வீடுகள் இப்போது விற்பனைக்கும் வாடகைக்கும் வருகின்றன. 550 சதுர அடி, அந்தக் காலத்தில் 5,50,000 ரூபா நாலு கட்டமாகக் கொடுத்தார்கள். சனம் தாங்களே மேசனைப் பிடித்துக் கட்டினபடியால் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி. கல்லைச் சொந்தமாக அரிந்து, நனைத்து ஆறவிட்டுக் கட்டினவர்களின் சுவர் இன்றைக்கும் நிற்கிறது. கடைசிக் கட்டக் காசு முடிந்து அவசரத்தில் போட்ட கூரைகளைத்தான் பார்க்கவேண்டும். ஓட்டுக்குக் கீழே ஏணி வைத்து ஏறி, சிலாகையைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். வெறும் சத்தம் வந்தால் உள்ளே கறையான் தின்றுவிட்டது. பின்னால் குசினியோ விறாந்தையோ இழுத்துக் கட்டியிருந்தால், பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வாடகைக்கு எடுக்க இந்த வீடுகள் சின்னக் குடும்பத்துக்குப் போதும். வாங்குவதென்றால் திரும்பவும் கடதாசிக்கே வரவேண்டும், ஏனென்றால் வீடு கொடுத்தவர்கள் வீட்டைத்தான் கொடுத்தார்கள், காணிக்கு உறுதி கொடுக்கவில்லை.

வாங்கி முடித்த முதல் மாதம்

உறுதி எழுதியவுடன் அது பதிவகத்தில் பதிவாகி வந்ததா என்று நீங்களே போய்ப் பாருங்கள், நொத்தாரிசின் கிளாக்கரை நம்பி இருக்கவேண்டாம். பிரதேச சபையில் சோலைவரியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மின்சாரக் கணக்கையும் அப்படியே. மேலதிகமாக ஒரு அறை கட்டுவதென்றாலும் சபையில் வரைபட அனுமதி எடுங்கள். பிறகு விற்கவோ கடன் எடுக்கவோ போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். பேமிற் காணியை ஒழுங்காக உங்கள் பெயருக்கு மாற்றி எடுத்தவர்கள் அதே கிழமை பின்னுரித்தாளரைப் பதியுங்கள். சாகிற வயசா எனக்கு என்று கேட்டவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளின் கோப்புகள்தான் காணிக் கிளையில் அலுமாரி நிறைய இருக்கின்றன. பதியப் போகும்போது அடையாள அட்டை, பின்னுரித்தாளரின் பிறப்புச் சான்றிதழ், மூலப் பேமிற் மூன்றையும் கொண்டுபோங்கள். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, சனம் குறைவாக இருக்கிற காலை நேரத்தில் போங்கள்.